22 வருட சிக்னல்ஸ் அனுபவத்தோட ஏஐ குழுவுக்குத் தலைமை: எங்கயிருந்து தொடங்கிறது?

கோண்டாவில்_மருமகன் கேட்டது:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். மாமா ஒராளுக்காகக் கேக்கிறன்.

பிரித்தானிய இராணுவத்தில றோயல் சிக்னல்ஸ் எண்ட தொலைத்தொடர்புப் பிரிவில அவருக்கு 22 வருடம் முடியப்போகுது. விலக இன்னும் 9 மாதம் இருக்கு. கடைசிப் பதவி ஸ்ராஃப் சார்ஜன்ற். வானொலித் தொடர்பு, செய்மதி இணைப்பு, நெற்வேர்க் எல்லாம் தண்ணிபட்ட பாடு. நிரலாக்கம் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, சின்னச் சின்ன ஸ்கிரிப்ற் எழுதுவார், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில ஆறு பேர் சேர்ந்து நடத்திற ஒரு குழு அவரைத் தலைமை எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கு. தமிழ்க் குரல் பதிவை எழுத்தாக்கிறது, பழைய தமிழ் ஆவணங்களைத் தேடக்கூடிய மாதிரி மாத்திறது, இதுதான் அவையின்ர வேலை. வாடிக்கையாளர் எல்லாம் லண்டன் பக்கம். மாமா வருடத்தில ஆறு மாதம் இஞ்ச, மிச்சம் அங்க இருக்கிற யோசினை.

நான் கேக்கிறது இதுதான்: இந்த 9 மாதத்தில அவர் எதைப் படிக்கவேணும், எவ்வளவு ஆழத்துக்கு? எந்தப் பொறுப்பை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது? ஆமிப் பழக்கம் இருபத்தைஞ்சு வயசுப் பெடியளிட்ட எடுபடுமோ? பொதுவா "நல்லா வரும், செய்யச் சொல்லுங்கோ" எண்ட மாதிரிப் பதில் வேண்டாம். விபரமாச் சொன்னால் நல்லது.

---

நுணாமரம்:

'ஏஐ' என்று ஒரே ஒரு வேலை கிடையாது. மொடல், அதாவது தரவிலிருந்து பழகுகிற ஏஐ நிரல், அதைப் பயிற்றுவிக்கிற பொறியியலாளர் வேலைக்கு மாமா இப்போது போட்டியிட்டால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத் துறையில் இறுதி வருடம் படிக்கிற பிள்ளை அவரைத் தாண்டிப் போய்விடும். 9 மாதத்தில் அந்த இடைவெளி மூடாது, மூட வேண்டிய தேவையும் இல்லை. சின்னக் குழுக்களில் ஆளில்லாமல் கிடக்கிற கதிரை வேறு. வெளியே போகிற வேலை சரியா பிழையா என்று அளந்து, "இன்றைக்கு இது போகாது" என்று சொல்கிறவரின் கதிரை அது. பிழை வந்தால் எதை நிறுத்துவது, இரவில் யார் எழும்புவது, வாடிக்கையாளருக்கு யார் சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதும் அவருடைய வேலைதான்.

சிக்னல்ஸ்காரருக்கு இது புதிதல்ல. முதன்மை வழி, மாற்று வழி, இடர்கால வழி, அவசர வழி என்று நான்கு அடுக்கில் தொடர்புத் திட்டம் போட்டுப் பழகியவர்கள். அதையே இந்தக் குழுவின் குரல் சேவைக்குப் போட்டுப் பாருங்கள். முதன்மை வழி, வாடகைக்கு எடுத்த ஜிபியு என்ற வேகக் கணிப்பு அட்டையில் ஓடுகிற பெரிய மொடல். மாற்று, வேறொரு நிறுவனத்தின் மேகச் சேவையில் தயாராக இருக்கிற அதே மொடல். இடர்காலம், அலுவலகக் கணினியில் ஜிபியு இல்லாமலே மெதுவாக ஓடக்கூடிய சின்ன மொடல். அவசரத்துக்கு, கையால் தட்டச்சு செய்யக்கூடிய நாலு பேரின் தொலைபேசி எண். பல குழுக்களிடம் முதலாவது மட்டும்தான் இருக்கும். இரண்டாவது இருக்கிறது என்று சொல்கிறவர்களும் அதை ஒருநாளும் ஓட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பெரிய அளவிலும் இதே பாதைதான். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2017 ஏப்ரலில் மேவன் திட்டத்தைத் தொடங்கியது, ட்ரோன் வீடியோவில் பொருட்களை அடையாளம் காண்பதற்காக. அதை நடத்திய விமானப்படை லெப்ரினன்ற் ஜெனரல் ஜாக் ஷனஹான் போர் விமானங்களில் பறந்து வந்தவர், நிரலாளர் அல்ல. பிறகு அதே திணைக்களத்தின் கூட்டுச் செயற்கை நுண்ணறிவு மையத்தின் முதல் பணிப்பாளரானார். எந்தப் பிரச்சினைக்கு மொடல் தேவை, தரவு யாரிடம் இருக்கிறது, எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்ற கேள்விகளைக் கேட்கத் தெரிந்ததுதான் அவருடைய கைமுதல். அதே திட்டத்தால் 2018இல் கூகுள் ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, அந்த நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டதையும் மாமா படிக்க வேண்டும். தலைவர் தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சொந்த ஆட்களே வெளியே போவார்கள்.

இனிப் படிப்பு. கிழமைக்கு 8 முதல் 10 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் பைதன் என்ற நிரல்மொழி, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிற், தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கிற எஸ்கியூஎல். பைதனில் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படிப்பது, எண்ணுவது, அட்டவணையாக எழுதுவது வரைக்கும் போதும். அடுத்த மூன்று மாதம் புள்ளிவிபரம், அதிலும் மாதிரி அளவும் பிழை வீச்சும். இதைத் தவறவிட்டால் மற்றது எல்லாம் வீண். 50 பதிவுகளை வைத்துச் சோதித்து 90 சதவீதம் சரி என்று வந்தால், உண்மையான எண் ஏறத்தாழ 8 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 300 பதிவுகள் என்றால் அது 3.4 சதவீதமாகச் சுருங்கும். ஆகவே 50 பதிவில் 88இலிருந்து 90க்கு ஏறியது என்று பெடியன் சந்தோஷமாக வந்து சொன்னால், அது முன்னேற்றமா தற்செயலா என்று சொல்லவே முடியாது. அந்த இடத்தில் "இன்னும் 250 பதிவு சேர்த்து வா" என்று சொல்லத் தெரிவதுதான் அவர் படிக்கிற படிப்பின் பயன்.

கடைசி மூன்று மாதத்தில் தன் கையாலேயே ஒரு தமிழ்ச் சோதனைத் தொகுதி செய்ய வேண்டும். 300 சிறு குரல் பதிவுகள், ஒவ்வொன்றும் 10 முதல் 15 விநாடி, சரியான எழுத்து வடிவத்தோடு. அங்கேதான் பாடம் தொடங்கும். தமிழில் வழக்கமாக உதைக்கிற இடங்கள் இவை:

பழைய ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை, மொடலுக்கு அது தமிழே அல்ல. யுனிகோட்டுக்கு மாற்றும்போது 'ெ', 'ே', 'ை' ஆகிய கொம்புகள் பாமினியில் மெய்க்கு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும், யுனிகோட்டில் பின்னால் வர வேண்டும். மாற்றுக் கருவி இதைச் சரியாகத் திருப்பாவிட்டால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

யுனிகோட்டிலும் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ொ' என்ற ஒரே குறியீடாக, அல்லது 'ெ' உம் 'ா' உம் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு சொல். தேடினால் பாதிதான் கிடைக்கும். எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யுனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் எதையும் எண்ணத் தொடங்க வேண்டும்.

அடுத்தது சொற்பிழை வீதம், அதாவது நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்ற கணக்கு. 'போய்க்கொண்டிருக்கிறான்' என்று நீங்கள் சேர்த்து எழுதி வைத்திருக்க, மொடல் 'போய்க் கொண்டிருக்கிறான்' என்று பிரித்துக் கொடுத்தால், கணக்கில் இரண்டு பிழை விழும். ஒரு மாற்றம், ஒரு செருகல். கேட்கிறவருக்கு ஒரு பிழையும் இல்லை. தமிழுக்கு, சொல்லுக்குப் பதில் எழுத்து எழுத்தாக எண்ணுகிற எழுத்துப்பிழை வீதத்தையும் பக்கத்தில் போடாமல் அறிக்கை கொடுக்கக்கூடாது. நம்முடைய எழுத்து வழக்கும் ஒரு பிரச்சினை: நாம் 'ரொரன்ரோ' என்று எழுதுவோம், இந்தியத் தரவில் பயின்ற மொடல் 'டொராண்டோ' என்று கொடுக்கும். இரண்டையும் சரி என்று ஏற்கிற ஒரு பட்டியல் இல்லாவிட்டால், ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வருகிற பதிவெல்லாம் பொய்யாகத் தோற்கும்.

கணினிக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். 700 கோடி அளபுருக்கள், அதாவது பயிற்சியில் பழகிய எண்கள், உள்ள மொடல் 16 பிற் வடிவில் சுமார் 14 ஜிபி நினைவகம் கேட்கும். 4 பிற்றுக்குச் சுருக்கினால் மொடல் மட்டும் 3.5 ஜிபி அளவுக்கு வரும், ஓடுவதற்கு மேலதிகமாகக் கொஞ்சம் விட வேண்டும். பழகுவதற்கு 16 ஜிபி உள்ள ரீ4 என்ற ஜிபியு அட்டை ஒன்றை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்தாலே காணும்.

சான்றிதழ் சேர்க்கிற ஆசை வரும், அதைக் கொஞ்சம் அடக்கச் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நிஸ்ற் என்ற தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட ஏஐ இடர் முகாமைச் சட்டகத்தை வாசிக்கட்டும், அது இலவசம். 2023 டிசம்பரில் வந்த ஐஎஸ்ஓ 42001 என்ற ஏஐ முகாமைத் தரம் பற்றித் தெரிந்திருந்தால் லண்டன் வாடிக்கையாளர் கேட்கும்போது முழிக்க வேண்டி வராது. ஆறு பேர் குழு அந்தச் சான்று எடுக்கத் தேவையில்லை.

---

உப்பளக்_காத்து:

நுணாமரம் படிப்பைச் சொல்லிட்டார். நான் பெடியளிட்ட எடுபடுமோ எண்ட கேள்விக்கு வாறன், ஏனெண்டால் முக்கால்வாசிப் பேர் விழுறது அங்கதான்.

ஆமியில கட்டளை குடுத்தால் கேக்கிறவன் திருப்பிச் சொல்லவேணும், கேள்வி கேக்கவேணும். இஞ்ச வயசில மூத்தவர், லண்டனில இருந்து வந்தவர், அதிலயும் ஆமி எண்டால் பெடியளுக்கு வாய் திறக்காது. "விளங்கினதோ?" எண்டால் "ஓம் சேர்." "வெள்ளிக்கு முடியுமோ?" "ஓம் சேர்." அந்த ஓமுக்கு "நீங்கள் சொன்னது காதில விழுந்தது" எண்டு மட்டும்தான் அர்த்தம். விளங்கினது எண்டும் இல்லை, முடியும் எண்டும் இல்லை. மற்ற வேலைகளில இது பிந்தி எண்டாலும் கண்ணுக்குத் தெரியவரும். ஏஐ வேலையில தெரியவராது. தரவில ஓட்டை இருக்கிறது, சோதனைத் தொகுதியில இருந்த பதிவு பயிற்சித் தொகுதிக்கையும் கலந்தது, இதெல்லாம் அதைச் செய்த பெடியனுக்கு மட்டும்தான் தெரியும். எண் நல்லா வந்திருக்கும், ஒருத்தரும் கேள்வி கேக்காயினம்.

அதால முதல் நாளே 'சேர்' எண்ட சொல்லை நிப்பாட்டவேணும். அண்ணை எண்டு கூப்பிடட்டும். "விளங்கினதோ" எண்டு ஒருக்காலும் கேக்கக்கூடாது. அதுக்குப் பதிலா, "நீ இதை எப்பிடிச் செய்யப்போறாய், எதில பிழைக்கும் எண்டு நினைக்கிறாய், ரெண்டு நிமிசத்தில சொல்லு." பிரித்தானிய ஆமியில 'பாக்பிறீஃப்' எண்டு சொல்லுறது இதைத்தான், மாமாவுக்குத் தெரியும். ஒருத்தன் "எதிலயும் பிழைக்காது" எண்டு சொன்னால் அவன் இன்னும் வேலையை யோசிக்கேல்லை.

கூட்டத்தில எப்பவும் வயசில குறைஞ்சவர், புதுசா வந்தவர் முதல்ல கதைக்கவேணும். மாமா கடைசி. அவர் முதல்ல ஒரு கருத்தைச் சொல்லிப்போட்டார் எண்டால் கூட்டம் அங்கயே முடிஞ்சுது.

கட்டளை எழுதிற பழக்கத்தில ஒண்டை அப்பிடியே கொண்டு வரலாம். பிரித்தானிய வழக்கத்தில பணி வாக்கியத்தை ரெண்டு தரம் வாசிப்பினம், அதுக்குள்ள "எதற்காக" எண்ட பகுதி கட்டாயம் இருக்கும். "குரல் மொடலின்ர பிழையைக் குறை" எண்டு சொன்னால் பெடியன் மூண்டு கிழமை எல்லாச் சொல்லிலயும் மினக்கெடுவான். "வாடிக்கையாளர் ஆட்பெயரை வைச்சுத் தேடுறார், அதுக்காக ஆட்பெயர்ப் பிழையைக் குறை" எண்டால் அவன் பெயர்ப் பட்டியல் ஒண்டு செய்து மூண்டு நாளில கொண்டு வருவான். இலக்கையும் காரணத்தையும் நீங்கள் குடுங்கோ, வழியை அவனிட்ட விடுங்கோ.

கொண்டு வரக்கூடாதது காலக்கெடு. பாலம் போடுறதுக்கு மணித்தியாலக் கணக்கு இருக்கு, ஆய்வுக்கு இல்லை. "இந்த மொடல் வெள்ளிக்கு 95 தொடவேணும்" எண்டு கட்டளை போட்டால் வெள்ளிக்கு 95 வரும், சோதனைத் தொகுதியைச் சுகமானதா மாத்திப்போட்டு. பெடியளில பிழையில்லை, கேட்டதை அவை தந்தவை. அதுக்குப் பதிலா நாளை எண்ணிக் குடுங்கோ: "ஆறு வேலைநாள். நாலாம் நாள் 80ஐத் தாண்டாட்டி இந்த வழியை விடுறம்." எப்ப கைவிடுறது எண்டதைத் தொடங்க முதலே எழுதி வைக்கவேணும். பிறகு எழுதினால் ஒருத்தருக்கும் விட மனம் வராது.

வேலை முடிஞ்ச பிறகு மீளாய்வு. அமெரிக்க ஆமி வளர்த்த முறை, இப்ப எல்லாரும் செய்யினம். நாலு கேள்வி: என்ன நடக்கவேண்டி இருந்தது, என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை எதை மாத்திறம். அரை மணித்தியாலம் காணும். முதலாவது கேள்விதான் எல்லாரும் தவறவிடுறது. என்ன நடக்கவேண்டும் எண்டு வேலை தொடங்க முதல் எழுதாட்டி, பிறகு ஆளுக்கொரு கதை வரும். மாமா முதல் ரெண்டு தரமும் தன்ர பிழையை முதல்ல சொல்லவேணும். பதவியில இருக்கிறவர் சொல்லாட்டி மற்றவை சொல்லமாட்டினம்.

இன்னொண்டு, மொடல் குடுத்ததைச் சரிபார்க்கிற ஆக்களைப் பற்றி. மொடல் 95 சதவீதம் சரி எண்டால், பார்க்கிற ஆளுக்கு ரெண்டாம் நாளே கண் பூத்துப்போகும். எல்லாத்துக்கும் சரி போட்டுக்கொண்டு போவார். ஆயிரம் வரிக்கு 20 பிழையை நீங்களே வேணுமெண்டு விதைச்சு விடுங்கோ, ஆருக்கும் சொல்லாமல் இல்லை, "விதைப்பம்" எண்டு முன்னமே சொல்லிப்போட்டு. அவர் 12ஐப் பிடிச்சால் அவரின்ர பிடி 60 சதவீதம். அப்ப மொடலின்ர உண்மையான பிழையிலயும் அந்தளவுதான் பிடிபடுது எண்டு ஏறத்தாழக் கணக்குப் போடலாம். விதைச்ச பிழையை வெளிய போக முதல் திருப்பி எடுக்க மறக்கவேண்டாம். பட்டியலை வேற கோப்பில வைச்சு, அனுப்ப முதல் 20உம் திருத்தியாச்சோ எண்டு இன்னொராள் பார்க்கவேணும்.

மெசினை நம்பி மனுசன் கையை விட்டால் என்ன நடக்கும் எண்டு மாமாவின்ர சொந்தப் படைக்கே தெரியும். 2003 மார்ச் 23ஆம் திகதி அமெரிக்க பேற்றியட் ஏவுகணைப் பிரிவு பிரித்தானிய விமானப்படையின்ர ரோனாடோ விமானத்தை எதிரியின்ர ஏவுகணை எண்டு எடுத்துச் சுட்டது. ரெண்டு பேர் செத்தவை. பத்து நாளில அமெரிக்க கடற்படை விமானம் ஒண்டும் அப்பிடியே. பெடியளுக்கு "தானியங்கியை நம்பாதை" எண்டு பொதுவாச் சொல்லுறதை விட இந்த ஒரு சம்பவத்தை எடுத்து, எங்க மனுசன் நிப்பாட்டியிருக்கலாம், ஏன் நிப்பாட்டேல்லை எண்டு ஒரு மணித்தியாலம் இருந்து கதைச்சால் பிரியோசனம். அதைச் சொல்லிக் குடுக்கிற தகுதி மாமாவுக்கு இருக்கு.

---

மணிக்கூட்டடி:

இரண்டு பேரும் நல்லாச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் "தலைமை" என்ற சொல்லிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. ஆறு பேருக்கு வெளியிலிருந்து தலைவர் வந்து உட்கார்ந்தால், இதுவரை தொழில்நுட்ப முடிவு எடுத்துக்கொண்டிருந்த பெடியனோ பெட்டையோ ஆறு மாதத்தில் கொழும்புக்கோ ரொரன்ரோவுக்கோ போய்விடும். அந்த ஒராள் போனால் குழுவே இல்லை. மாமா செயற்பாட்டுப் பொறுப்பாளராக வரட்டும். மொடல் எது, கட்டமைப்பு எது என்ற முடிவு அவர்களுடையது. வெளியே போகலாமா என்ற முடிவு அவருடையது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது ஒருவரும் தொடாத விஷயம். யாழ்ப்பாணத்தில் 'ஆமி' என்ற சொல்லுக்குச் சனத்திடம் ஒரே அர்த்தம்தான்: இலங்கை இராணுவம். "முன்னாள் இராணுவத்தவர் தலைமையில்" என்று குழுவின் பக்கத்தில் போட்டால் குரல் பதிவு கொடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். லண்டனில் அதே வரி மதிப்பைக் கூட்டும். அதற்காக மறைக்கவும் கூடாது, ஊரில் எதுவும் மறையாது. "பிரித்தானிய இராணுவத்தில் 22 வருடம் தொலைத்தொடர்புப் பணி" என்று நாட்டையும் வேலையையும் சேர்த்து, முழு வரியாக, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

இதோடு சேர்ந்தது: எந்த வேலையை எடுப்பதில்லை என்று முதலே எழுதி வையுங்கள். குரலை வைத்து ஆளை அடையாளம் காண்பது, முகம் தேடுவது, ஆர்ப்பாட்டப் படங்களில் ஆட்களைக் குறிப்பது. மாமாவின் பின்னணியைப் பார்த்தே இப்படிப்பட்ட கேள்விகள் வரும், நல்ல காசோடு வரும். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமே 2020 பெப்ரவரியில் பொறுப்பு, சமநிலை, தடங்காணல், நம்பகம், கட்டுப்பாடு என்று ஐந்து ஏஐ நெறிகளை எழுதியது. திருநெல்வேலியில் இருக்கிற குழுவுக்கு ஒரு பக்கம் எழுத முடியாதா?

சட்டம். 1989ஆம் ஆண்டின் பிரித்தானிய உத்தியோகபூர்வ இரகசியச் சட்டம் விலகின பிறகும் அவரை விடாது. எந்தக் கருவி, எந்த அலைவரிசை, எந்த இடம் என்பதெல்லாம் சுயவிபரத்தில் வரக்கூடாது. "30 பேர், 24 மணித்தியாலச் சேவை, மூன்று இடங்களுக்கிடையிலான இணைப்பு" என்ற அளவில் எண்களை எழுதினால் வாசிக்கிறவருக்குப் போதும். ஐயம் இருந்தால் விலக முதல் தன் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

குரல் பதிவு தனிப்பட்ட தரவு. லண்டன் வாடிக்கையாளரின் பதிவை யாழ்ப்பாணத்திலிருந்து திறந்து கேட்டாலே அது பிரித்தானியச் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்பியதற்குச் சமம், கோப்பு லண்டன் சேவரிலேயே இருந்தாலும் சரி. பிரித்தானியா போதுமான பாதுகாப்பு உள்ளது என்று ஏற்ற நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே சர்வதேசத் தரவுப் பரிமாற்ற ஒப்பந்தம் போன்ற ஒன்று கையெழுத்தாக வேண்டும். 2022 மார்ச் 21 முதல் அதற்கென்று ஒரு மாதிரிப் படிவம் நடைமுறையில் இருக்கிறது, தகவல் ஆணையாளர் அலுவலகத்தின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். இலங்கைப் பக்கம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். இந்தப் பேப்பர் வேலைதான் மாமா முதல் கிழமையிலேயே கையில் எடுக்கக்கூடியது. பெடியள் ஒருவரும் இதைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

---

கோண்டாவில்_மருமகன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. மாமாவுக்கு வாசிச்சுக் காட்டினன். 'சேர்' கதைக்குச் சிரிச்சவர், பேற்றியட் கதைக்குப் பேசாமல் இருந்தவர்.

மூண்டு விசயம் கேக்கச் சொன்னவர். ஒண்டு, படிப்புக்கு இராணுவம் காசு தரும் எண்டினம், அதை ஏஐ படிப்புக்குப் பாவிக்கலாமோ? ரெண்டு, லண்டனில இருக்கிற ஆறு மாதமும் இஞ்சத்தைக் குழுவை எப்பிடி நடத்திறது? மூண்டு, குரல் பதிவைக் குறியிடுறதுக்கு ரெண்டு பிள்ளையளை எடுத்திருக்கினம், ரெண்டு பேரும் 85 சதவீதம் ஒத்துப்போகினம். இது காணுமோ?

---

நுணாமரம்:

காசு: இரண்டு வாசல். படையிலிருந்து வெளி வேலைக்கு மாற உதவுகிற கரியர் ட்ரான்ஸிஷன் பாட்னர்ஷிப் என்ற சேவை விலகுவதற்கு இரண்டு வருடம் முதல் தொடங்கி, விலகி இரண்டு வருடம் வரை கிடைக்கும். மாமா இதுவரை பதியவில்லை என்றால் ஏற்கெனவே 15 மாதம் போய்விட்டது, நாளைக்கே பதியட்டும். மற்றது என்ஹான்ஸ்ட் லேர்னிங் கிரெடிற்ஸ் என்ற கற்றல் உதவிநிதித் திட்டம். அது படிப்புக் கட்டணத்தில் 80 சதவீதம் வரை, ஒரு உச்ச எல்லைக்குள் கொடுக்கும், 20 சதவீதம் சொந்தக் காசு. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம், மூன்றாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட தகுதி என்று இருந்தால் ஏஐ, தரவு விஞ்ஞானம் எதுவானாலும் பரவாயில்லை. ஆனால் இணையத்தில் 15 பவுணுக்கு விற்கிற வீடியோப் பாடத்துக்குக் கிடையாது. இரண்டு பொறிகள்: படிப்புத் தொடங்க முதலே ஒப்புதல் வேண்டும், தொடங்கின பிறகு கேட்டால் ஒரு சதமும் வராது. மற்றது, ஒரு நிதியாண்டுக்கு ஒரு தடவைதான் எடுக்கலாம், மொத்தம் மூன்று தடவை. அவர்களின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் மாறும். அவருடைய 9 மாதத்துக்குள் ஏப்ரல் வருமானால், அதற்கு முன் ஒரு படிப்பு, பின் ஒரு படிப்பு என்று பிரித்துப் போடலாம்.

85 சதவீதம்: அந்த எண்ணை மட்டும் வைத்துக் காணும், காணாது என்று சொல்ல முடியாது. பதிவுகளில் 80 சதவீதம் 'தெளிவு', 20 சதவீதம் 'தெளிவில்லை' என்று இரண்டு பேருமே போடுகிறார்கள் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 64ம் 4ம் சேர்ந்து 68 சதவீதம் ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்துப் பார்க்கிற கப்பா எண் இங்கே 85இல் 68 போக 17, அதை 32ஆல் பிரிக்க 0.53. பொதுவாக 0.6க்குக் கீழே இருந்தால் பிள்ளைகளைத் திட்டாமல் வழிகாட்டிக் குறிப்பைத் திருத்த வேண்டும். முரண்பட்ட பதிவுகளில் 30ஐ எடுத்து மாமாவும் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக இருந்து கேட்கட்டும். பெரும்பாலும் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வரும்: பின்னால் வாகனச் சத்தம் இருந்தால் தெளிவா இல்லையா, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் என்ன போடுவது என்று குறிப்பில் எழுதியிருக்காது. அதை எழுதி, புதிய 100 பதிவில் மீண்டும் அளக்க வேண்டும். பழைய பதிவுகளிலேயே அளந்தால் மனப்பாடம்தான் அளவுபடும்.

---

உப்பளக்_காத்து:

தூரத்தில இருந்து நடத்திறதுக்கு: கூட்டத்தை இஞ்சத்தை நேரம் பின்னேரம் 2.30க்கு வையுங்கோ. லண்டனில கோடையில காலமை 10 மணி, மாரியில 9 மணி. வருடம் முழுக்க அந்த நேரத்தை மாத்தவேண்டாம். தன்ர நேரத்தை மாத்தவேண்டிய ஆள் மாமா, பெடியள் இல்லை. 15 நிமிசத்துக்கு மேல போனால் அது கூட்டம் இல்லை, விசாரணை. கமராவைப் போடச்சொல்லி வற்புறுத்தவேண்டாம், வீட்டில இருந்து வேலை செய்யிற பிள்ளையளுக்குப் பின்னால சமையலறைதான் இருக்கும்.

எல்லா முடிவும் எழுத்தில, ஒரே இடத்தில. வட்ஸ்அப்பில குரல் பதிவா முடிவு சொல்லுற பழக்கம் இஞ்ச கனக்க இருக்கு. ரெண்டு மாதம் கழிச்சு ஆரும் கேட்டுக் கண்டுபிடிக்கேலாது.

கரண்ட் போறதுக்கும் சேர்த்துத் திட்டம் போடவேணும். யூபிஎஸ் ரவுட்டருக்கு முதல், கணினிக்குப் பிறகு. மடிக்கணினிக்குத் தன்ர பற்றரி இருக்கு, ரவுட்டருக்கு இல்லை. பயிற்சி ஓட்டம் நடுவில நிண்டால் முழுக்கப் போகாமல், அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இடைநிலையைச் சேமிக்கிற மாதிரி வைக்கச்சொல்லுங்கோ. சேமிச்சதில இருந்து உண்மையாவே திரும்பத் தொடங்குதோ எண்டு ஒருநாள் வேணுமெண்டு வயரைக் கழட்டிப் பார்க்கவேணும்.

மற்றது, மாமா லண்டனுக்கு ஏற முதல் ஒரு தாள் எழுதி அலுவலகச் சுவரில ஒட்டவேணும்: புது மொடல் பிழைச்சால் பழைய மொடலுக்குத் திருப்புற கட்டளை என்ன, அதை அடிக்கிற அதிகாரம் ஆருக்கு. என்னைக் கேட்டால் ஆறு பேருக்கும் குடுங்கோ, அவரைக் கேக்காமலே. லண்டன் வேலைநேரம் பின்னேரம் ஆறு மணிக்கு முடியேக்க இஞ்ச கோடையில ராத்திரி பத்தரை, மாரியில பதினொண்டரை. அந்த நேரம் முழிச்சிருக்கிறவர் கடைசியாச் சேர்ந்த பெட்டையா இருந்தால், கட்டளையை அடிக்கவேண்டியது அவதான்.